சைவ வீட்டுச் சமையலும் ஊட்டச்சத்தும்

சைவ வீட்டுச் சமையல் என்பது இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றைத் தவிர்த்து, தானியம், பருப்பு, காய்கறி, கீரை, பால் பொருள்கள் ஆகியவற்றைக் கொண்டு வீட்டில் அன்றாட உணவைச் சமைக்கும் முறையாகும். இந்தியாவின் ஒவ்வொரு பகுதியிலும் இதற்குத் தனி வடிவம் உண்டு. தமிழ்நாட்டில் இது சோறு, சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், மோர் என்ற மதிய உணவாகவும், இட்லி, தோசை, அடை, பொங்கல் போன்ற சிற்றுண்டிகளாகவும் அமைகிறது. ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல், தாளித்தல் எனச் சத்தையும் சுவையையும் கூட்டும் வழிகள் பல இச்சமையலில் உள்ளன. எனினும் தட்டில் சோறு மிகுந்து பருப்பும் காய்கறியும் குறையும்போது, அதே சமையல் மாவுச்சத்து மட்டுமே மிகுந்த உணவாகிவிடுகிறது. எனவே இச்சமையலைச் சத்தானதாக்குவதில் புதிய பொருள்களைச் சேர்ப்பதைவிடப் பழகிய பொருள்களின் அளவைச் சரிசெய்வதே முதன்மையானது.

பெயர்

சைவம் என்ற சொல் சமயத்தைக் குறிப்பது. புலால் உண்ணாமை சைவ நெறியினரிடம் வலுவாக இருந்ததால், புலால் கலவாத உணவுக்கும் அச்சொல் பெயராக வழங்கலாயிற்று. மரக்கறி உணவு என்ற சொல் இலங்கைத் தமிழில் இன்றும் பரவலாக உள்ளது. பால், தயிர், மோர், நெய் ஆகியவை சைவ உணவில் அடங்கும், முட்டை அடங்காது. சில குடும்பங்களில் வெங்காயமும் பூண்டும் விலக்கப்படுகின்றன.

சுவைப் பொருள்களின் பின்புலம்

இன்று தமிழ்ச் சமையலின் அடையாளமாகத் தோன்றும் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வழியாக வந்தவை. அதற்கு முன்பு காரத்துக்கு மிளகும் இஞ்சியுமே பயன்பட்டன. பல வீடுகளில் திவசச் சமையலில் மிளகாய், தக்காளி, முட்டைக்கோசு போன்றவற்றைச் சேர்க்காமல் மிளகு, சீரகம், வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், சேனைக்கிழங்கு போன்றவற்றையே சேர்க்கும் வழக்கம் உள்ளது. பழைய அடுப்படியின் தடயமாக இதைக் கொள்ளலாம்.

வீட்டுச் சமையல் நெடுங்காலம் கைப்பழக்கமாகவும் கண்ணளவாகவுமே கற்பிக்கப்பட்டது. 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் வெளியிட்ட 'சமைத்துப் பார்' என்னும் நூல் தமிழில் சைவச் சமையலை அளவுகளோடு எழுதிவைத்த முன்னோடி நூல்களில் ஒன்று.

தட்டில் இருக்க வேண்டிய அளவு

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918-இல் குன்னூரில் சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கப்பட்டது. இந்நிறுவனம் 2024-இல் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்கள், நாளொன்றுக்கு 2000 கிலோகலோரி தேவைப்படும் ஒருவருக்குப் பின்வரும் அளவுகளைப் பரிந்துரைக்கின்றன. இவை சமைப்பதற்கு முந்தைய எடைகள்.

தானியமும் சிறுதானியமும்: 250 கிராம்
பருப்பும் பயறும்: 85 கிராம்
காய்கறியும் கீரையும்: 400 கிராம்
பழம்: 100 கிராம்
பால் அல்லது தயிர்: 300 மி.லி.
கொட்டைகளும் விதைகளும்: 35 கிராம்
எண்ணெயும் நெய்யும்: 27 கிராம்

இவற்றுள் வீட்டுச் சமையலில் பெரிதும் தவறுவது பருப்பின் அளவு. நான்கு பேருக்கான சாம்பாரில் 100 கிராம் துவரம்பருப்பு போட்டால் ஒருவருக்குக் கிடைப்பது 25 கிராம். துவரம்பருப்பில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 22 கிராம் புரதம் உள்ளதால், அந்தச் சாம்பாரிலிருந்து ஒருவர் பெறும் புரதம் ஐந்தரை கிராம் அளவே. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் புரதம் சுமார் 46 கிராம். ஆகவே, சாம்பார் வைத்துவிட்டால் பருப்பு சேர்ந்துவிட்டது என்று கொள்ள இயலாது.

பரிமாறும் முறையும் இதில் சேரும். சாம்பாரின் அடியில் பருப்பும் காயும் தங்க, மேலே நீர்ப்பகுதி நிற்கும். முதலில் உண்பவர்களுக்குக் கெட்டிப் பகுதி போய், கடைசியில் உண்பவருக்கு ரசமும் மோரும் ஊறுகாயுமே எஞ்சும் வழக்கம் பல வீடுகளில் உள்ளது. கடைசியில் உண்பவர் பெரும்பாலும் சமைத்த பெண்ணே. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பது பதிவாகியுள்ளது. இதற்குக் காரணங்கள் பல. சைவ, அசைவ வேறுபாடின்றி இக்குறை காணப்படுகிறது. எனினும் பருப்பையும் கீரையையும் சமைத்தவுடன் ஆளுக்கு இவ்வளவு எனப் பிரித்து வைப்பது, செலவின்றி உடனே செய்யக்கூடிய திருத்தமாகும்.

பருப்பும் தானியமும்

புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அரிசி, கோதுமை போன்ற தானியங்களின் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்புகளில் அது மிகுதி. பருப்புகளில் குறைவான மெத்தியோனின் தானியங்களில் போதிய அளவு உண்டு. இரண்டையும் ஒரே நாளில் உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. இட்லியில் அரிசியும் உளுந்தும், வெண்பொங்கலில் அரிசியும் பாசிப்பருப்பும் சேர்வது இத்தகைய இணைப்பே. கொங்குநாட்டு அரிசியும் பருப்பும் சாதம் இதே வகையைச் சேர்ந்தது.

பருப்பின் அளவைக் கூட்டுவதற்குச் சாம்பாரை மேலும் கெட்டியாக்குவது ஒரு வழி. அதைவிட எளிது, பருப்பே முதன்மையாக உள்ள பண்டங்களை வாரந்தோறும் சுழற்சியில் கொண்டுவருவது:

அடை: அரிசிக்குச் சம அளவில் கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, உளுந்து ஆகியவை கலந்து அரைக்கப்படுவதால், தோசையைவிடப் பருப்பு மிகுதி.
பருப்பு உசிலி: அரைத்து ஆவியில் வேகவைத்து உதிர்த்த பருப்போடு கொத்தவரங்காய், பீன்ஸ் அல்லது வாழைப்பூ சேர்வது. பொரியலுக்கு மாற்றாக அமையும்.
சுண்டல்: கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பட்டாணி, மொச்சை என எதிலும் செய்யலாம். மாலை நேரத்து முறுக்கு, மிக்சர் போன்ற பொரித்த தின்பண்டங்களின் இடத்தை நிரப்பும்.
கொள்ளுப் பருப்பு: கொங்குப் பகுதியில் கொள்ளை வேகவைத்துக் கடைந்து சோற்றோடு உண்பர், வேகவைத்த நீரில் ரசம் வைப்பர்.
பருப்புத் துவையல், பருப்புப் பொடி: குழம்பு வைக்க நேரமில்லாத நாளில் பருப்பை விட்டுவிடாமல் இருக்க உதவுபவை.

ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல்

தானியங்களிலும் பயறுகளிலும் ஃபைட்டேட் என்னும் பொருள் உள்ளது. இது இரும்பு, துத்தநாகம் போன்ற தாதுக்களைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகிய மூன்றும் ஃபைட்டேட்டின் அளவைக் குறைக்கின்றன. முளைகட்டும்போது வைட்டமின் சி-யும் உருவாகிறது.

இட்லி மாவு பொங்குவதற்கு முதன்மைக் காரணம் லியுகோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் போன்ற நுண்ணுயிர்கள். இவை அமிலத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகின்றன. உளுந்தின் வழவழப்பு அந்த வாயுவைப் பிடித்து வைப்பதால் இட்லி மென்மையாகிறது. மாவு புளிக்கும் முன்பே ஆப்பசோடா சேர்த்து ஊற்றினால் மென்மை மட்டும் வரும். புளிப்பினால் விளையும் சத்து மாற்றங்கள் நிகழா. பருப்பு விரைவில் வேகவேண்டும் என்று சோடா சேர்ப்பதும் நன்றன்று. அது தயமின் என்னும் வைட்டமின் பி1-ஐ அழிக்கிறது.

கொண்டைக்கடலை, மொச்சை போன்ற முழுப் பயறுகளை இரவு முழுதும் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் வயிற்று உப்புசம் குறையும். வடநாட்டு ராஜ்மாவுக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. அரைவேக்காட்டு ராஜ்மாவில் உள்ள லெக்டின் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். ஊறவைத்த பின் குறைந்தது 10 நிமிடம் நன்கு கொதிக்கவிட்டு, முழுதும் வேகும்வரை சமைக்க வேண்டும். அழுத்தக் கொதிகலனாகிய பிரஷர் குக்கர் இதற்கு ஏற்றது.

பருப்பு வேகும் முன் புளியைச் சேர்க்கக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. அமிலம் பயறின் செல்சுவர் இளகுவதைத் தடுப்பதால், புளிநீரில் பருப்பும் காயும் வேகாமல் விறைத்து நிற்கும்.

இரும்புச்சத்தும் புளிப்பும்

தாவர உணவிலுள்ள இரும்பு, இறைச்சியிலுள்ள இரும்பைவிடக் குறைவாகவே உடலில் சேர்கிறது. அதே வேளையில் உண்ணப்படும் வைட்டமின் சி இதைக் கூட்டுகிறது. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை, குடைமிளகாய் ஆகியவை வைட்டமின் சி மிகுந்தவை. புளியில் வைட்டமின் சி மிகக் குறைவு. புளிக்குழம்பு எலுமிச்சைக்கு ஈடாகாது.

வைட்டமின் சி வெப்பத்தில் அழியக்கூடியது. எனவே எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்து, சூடு சற்று ஆறிய பிறகே பிழிய வேண்டும். சுண்டலிலும் கீரைக் கூட்டிலும் கடைசியில் சேர்க்கப்படும் சில துளிகள் சுவைக்கு மட்டுமன்றி இரும்பு சேர்வதற்கும் உதவும். மாறாக, தேநீரிலும் காப்பியிலும் உள்ள பாலிஃபீனால்கள் இரும்பு சேர்வதைத் தடுக்கின்றன. சாப்பாட்டுக்கும் இவற்றுக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது. இட்லி சாப்பிட்ட கையோடு காப்பி குடிக்கும் வழக்கம் இவ்வகையில் மாற்றத்தக்கது.

இரும்பு தோசைக்கல்லும் இரும்புச் சட்டியும் உணவில் சிறிதளவு இரும்பைச் சேர்க்கின்றன. பசலைக்கீரை போன்ற சில கீரைகளில் ஆக்சலேட் மிகுதி. அது சுண்ணாம்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். ஒரே கீரையை நாள்தோறும் உண்பதைவிட முருங்கை, அரைக்கீரை, முளைக்கீரை, மணத்தக்காளி என மாற்றி மாற்றி உண்பது பொருத்தமானது. வெல்லத்தில் இரும்பு சிறிதளவு இருந்தாலும் அது பெரும்பகுதி சர்க்கரையே; இரத்தசோகைக்கு அதை மருந்தாகக் கொள்ள இயலாது.

காய்கறி சமைக்கும் முறை

காய்களை நறுக்கிய பின் கழுவினாலும், நிறைய நீரில் வேகவைத்து நீரை வடித்தாலும், நீரில் கரையும் வைட்டமின்கள் வெளியேறுகின்றன. கழுவிய பின் நறுக்குவதும், குறைந்த நீரில் மூடிவைத்து வேகவிடுவதும் இழப்பைக் குறைக்கும். வடித்த நீர் எஞ்சினால் ரசத்திலோ குழம்பிலோ சேர்க்கலாம்.

கீரை, கேரட், பரங்கிக்காய் ஆகியவற்றிலுள்ள கரோட்டின் கொழுப்பில் கரைவது. ஆகவே பொரியலில் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ சிறிது தேங்காய்த்துருவலோ இருப்பது தேவையே. எண்ணெயே இல்லாமல் சமைப்பது இவ்வகையில் சத்து இழப்பாகும்.

உருளைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு ஆகியவற்றின் வறுவலைக் காய்கறிக் கணக்கில் சேர்ப்பது ஒரு பொதுவான பிழை. இவை மாவுச்சத்து மிகுந்தவை. சோற்றோடு சேரும்போது தானியத்தின் பங்கையே கூட்டுகின்றன.

தாளிப்பும் மசாலாப் பொருள்களும்

கடுகு, சீரகம், கறிவேப்பிலை, பெருங்காயம் ஆகியவற்றின் மணப்பொருள்கள் எண்ணெயில் கரைபவை. சூடான எண்ணெயில் அவை வெளிப்பட்டு உணவு முழுதும் பரவுகின்றன. இதனால் இரண்டு தேக்கரண்டி எண்ணெயே நான்கு பேருக்கான கூட்டுக்குப் போதும். தாளிக்கும் வரிசையும் முக்கியம். எண்ணெய் காய்ந்ததும் கடுகு, அது வெடித்ததும் உளுத்தம்பருப்பு, அது சிவக்கும்போது வரமிளகாய், இறுதியில் பெருங்காயமும் கறிவேப்பிலையும். தூள் வகைகளை முதலில் போட்டால் கருகிக் கசக்கும்.

கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். கோதுமைப் புரதம் ஒவ்வாதவர்கள் பொட்டலத்தின் குறிப்பைப் பார்த்து வாங்க வேண்டும்.

மஞ்சளிலுள்ள குர்குமின் உடலில் எளிதில் சேர்வதில்லை. மிளகிலுள்ள பிப்பரின் அதைக் கூட்டுகிறது. எனினும் சமையலில் சேரும் மஞ்சள் மிகச் சிறிய அளவே. அதை மணமும் நிறமும் தரும் பொருளாகக் கொள்ளலாம். நோய்க்கான மருத்துவத்துக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது.

எண்ணெய், உப்பு

நாளொன்றுக்கு 27 கிராம் என்பது ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி. நான்கு பேர் உள்ள குடும்பத்தில் எண்ணெயும் நெய்யும் சேர்த்து மாதம் சுமார் மூன்றரை லிட்டர். மாதச் சரக்கு வாங்கும்போதே இக்கணக்கைப் பார்த்தால், அன்றாடம் அளந்து ஊற்றும் தொல்லை குறையும். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது தீங்கான பொருள்கள் உண்டாவதால், அதை மீண்டும் பொரிக்கப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

உலகச் சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பைப் பரிந்துரைக்கிறது. இது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய் ஆகியவற்றின் உப்பும் இதில் அடங்கும். எலுமிச்சை, மிளகு, கொத்தமல்லித்தழை ஆகியவற்றைக் கூட்டினால் குறைந்த உப்பிலும் சுவை எடுபடும்.

அரிசியும் சிறுதானியமும்

நெல்லை ஊறவைத்து ஆவியில் அவித்து உலர்த்திக் குத்தும்போது, தவிட்டிலுள்ள தயமின் ஓரளவு அரிசியின் உட்பகுதிக்குச் செல்கிறது. ஆகவே பச்சரிசியைவிடப் புழுங்கலரிசியில் தயமின் மிகுதியாகத் தங்குகிறது.

கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உள்ளது; அரிசியில் அது மிகக் குறைவு. கம்பு, சாமை, தினை, வரகு, குதிரைவாலி ஆகியவற்றில் தீட்டப்படாதவை நார்ச்சத்து மிகுந்தவை. பளபளப்பாகத் தீட்டப்பட்ட சிறுதானியத்தில் அந்தப் பயன் குறையும். சிறுதானியங்களும் பெரும்பகுதி மாவுச்சத்தே ஆதலால், நீரிழிவு உள்ளவர்கள் அளவின்றி உண்ண இயலாது.

பி12 குறைபாடு

வைட்டமின் பி12 தாவர உணவுகளில் இயல்பாகக் கிடைப்பதில்லை. சைவ உணவில் பாலும் தயிரும் மோருமே இதன் மூலங்கள். புளித்த மாவோ பழைய சோறோ இதற்கு நம்பத்தக்க மூலங்கள் ஆகா. பால் பொருள்களையும் விட்டவர்கள் பி12 செறிவூட்டிய உணவையோ மாத்திரையையோ மருத்துவர் அறிவுரைப்படி எடுத்துக்கொள்ள வேண்டும். கை கால் மரத்துப்போதல், நீங்காத சோர்வு ஆகியவை இக்குறைபாட்டின் அறிகுறிகளாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனையில் இதை உறுதிசெய்யலாம்.

ஒரு நாள் உணவு: எடுத்துக்காட்டு

ஒருவருக்கான பருப்பும் தானியமும் ஒரு நாளில் எவ்வாறு நிறைவடைகின்றன என்பதைக் கீழ்வரும் கணக்கு காட்டுகிறது. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து எனக் கொள்ளப்பட்டுள்ளது.

காலை: நான்கு இட்லி. அரிசி சுமார் 64 கிராம், உளுந்து 16 கிராம். தொட்டுக்கொள்ளத் தக்காளிச் சட்னி.
மதியம்: 100 கிராம் அரிசிச் சோறு, 25 கிராம் பருப்பு சேர்ந்த சாம்பார், பொரியல், 15 கிராம் பாசிப்பருப்பு சேர்ந்த கீரைக் கூட்டு, தயிர்.
மாலை: 30 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு கொய்யா.
இரவு: மூன்று சப்பாத்தி (கோதுமை மாவு சுமார் 80 கிராம்), காய்கறிக் குருமா, ஒரு தம்ளர் பால்.

தானியம் 244 கிராமும் பருப்பு வகை 86 கிராமும் ஆகின்றன. சுண்டலை எடுத்துவிட்டால் பருப்பு 56 கிராமாகக் குறைந்துவிடும். காய்கறி 400 கிராம் ஆக, பொரியலும் குருமாவும் தொட்டுக்கொள்ளும் அளவில் நில்லாமல் ஆளுக்கு ஒரு கிண்ணமாவது இருக்க வேண்டும்.

செய்முறை: முருங்கைக்கீரைப் பருப்புக் கூட்டு

நான்கு பேருக்குரிய அளவு. பருப்பைக் கூட்டிலேயே மிகுதியாகச் சேர்க்க விரும்பும் நாளுக்கு ஏற்றது.

தேவையானவை: பாசிப்பருப்பு 120 கிராம், உருவிய முருங்கைக்கீரை 150 கிராம், சின்ன வெங்காயம் 10, தேங்காய்த்துருவல் 2 மேசைக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, உப்பு. தாளிக்க எண்ணெய் 2 தேக்கரண்டி, கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய் 2. இறுதியில் சேர்க்க அரை மூடி எலுமிச்சை.

1. பாசிப்பருப்பை மணம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து, கழுவி அரை மணி நேரம் ஊறவைக்கவும்.
2. மஞ்சள்தூள் சேர்த்து, பருப்பு மலர்ந்தும் குழையாமலும் இருக்கும் பதத்தில் வேகவைக்கவும்.
3. கொத்தாகக் கழுவி உருவிய கீரையையும் நறுக்கிய வெங்காயத்தையும் சேர்த்து ஐந்து முதல் ஏழு நிமிடம் வேகவிடவும்.
4. தேங்காய், சீரகம், மிளகு ஆகியவற்றைக் கொரகொரப்பாக அரைத்து, உப்புடன் சேர்த்து ஒரு கொதி வந்ததும் இறக்கவும்.
5. தாளித்துக் கொட்டி, சற்று ஆறியதும் எலுமிச்சை பிழியவும்.

ஒருவருக்கு 30 கிராம் பருப்பு, அதாவது சுமார் 7 கிராம் புரதம் இதில் கிடைக்கும். வெங்காயம் சேர்க்காதவர்கள் அதற்கு ஈடாகப் பீர்க்கங்காய் சேர்க்கலாம்.

கவனிக்க வேண்டியவை

சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் புரதம், பொட்டாசியம் ஆகியவற்றில் கட்டுப்பாடு இருக்கும் என்பதால், பருப்பையும் கீரையையும் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உண்பவர்கள் கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கீரையிலுள்ள வைட்டமின் கே அம்மருந்தின் செயலை மாற்றும். கருவுற்ற பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரைகள் பரிந்துரைக்கப்பட்டிருந்தால், உணவு எவ்வளவு சத்தானதாக இருந்தாலும் அவற்றை நிறுத்தக் கூடாது.